தூண்டில் வீச்சு பள்ளிப் பாடமான கதை



விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசுகிற ஆள் இன்றைக்குத் தூண்டிலோடு வந்திருக்கிறானே என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. ஒரு கைவேலை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதுதான் இன்றைய பேச்சு. அதற்கு இந்தத் தூண்டில் கதை நல்ல உதாரணம்.

நம் ஊர்க் குளத்தில் தூண்டில் போடுவது உங்களுக்குத் தெரியாததில்லை. முள்ளில் மண்புழுவைக் கோத்து, தக்கையும் ஈயக் குண்டும் கட்டி வீசுகிறோம். குண்டின் கனம் நூலை இழுத்துக்கொண்டு போகிறது. மேலைநாட்டு மலை ஆறுகளில் டிரவுட் என்று ஒரு மீன் உண்டு. குளிர்ந்து ஓடுகிற தண்ணீரில்தான் அது வாழும். நீலகிரியிலும் 1907ஆம் ஆண்டில் அவலாஞ்சியில் இதற்கென்று குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள். தண்ணீர்மேல் விழும் ஈயையும் பூச்சியையும் தாவிப் பிடிப்பது இந்த மீனின் பழக்கம். அதனால் முள்ளின்மேல் இறகும் நூலும் சுற்றி, அசல் ஈ மாதிரியே செய்து இதைப் பிடிப்பார்கள். இதை ஈத்தூண்டில் என்று வைத்துக்கொள்வோம்.

இதில் ஒரு சிக்கல். இறகைச் சுற்றிய முள்ளுக்குக் கனம் ஏது? ஒரு கோழி இறகை எடுத்து வீசிப் பாருங்கள், காலடியிலேயே விழும். ஆகவே கனத்தை நூலுக்கே கொடுத்தார்கள். கோலைப் பின்னால் ஓங்கினால் நூல் தலைக்குப் பின்னே நீளும். முழுக்க நீண்டதும் கோலை முன்னால் வீசிச் சட்டென்று நிறுத்த வேண்டும். நூல் வளைந்து, உருண்டு, முன்னே போய் ஈயைப் பூப்போலத் தண்ணீரில் வைக்கும். பின்னால் நூல் நீள்வதற்குள் அவசரப்பட்டால் சாட்டை வெடிப்பதுபோல் வெடித்து ஈ அறுந்து போகும். ரொம்பத் தாமதித்தாலோ நூல் பின்னால் புல்லில் விழுந்து சிக்கிக்கொள்ளும். அந்தப் பொறுக்கும் நேரத்தில்தான் வித்தை முழுவதும் இருக்கிறது.

இந்தத் தூண்டில் புதிதல்ல. ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன்பே ஈலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியா நாட்டு ஆற்றில் சிவப்புக் கம்பளி நூலும் சேவல் இறகும் சுற்றிய முள்ளால் மீன் பிடித்ததை எழுதி வைத்திருக்கிறார். அவர்கள் கோல் ஆறு அடி, நூலும் ஆறு அடி. அவ்வளவு குட்டை நூலை எட்டி வைத்தாலே போதும்; பெரிய வீச்சுத் தேவைப்படவில்லை.

இங்கிலாந்தில் 1496ஆம் ஆண்டில் தூண்டில் பற்றி ஒரு நூல் அச்சானது. கோல் செய்வது, குதிரை வால் முடியை முறுக்கி நூல் திரிப்பது, 12 வகை ஈ கட்டுவது என்று கருவிகளைப் பற்றி விரிவாகச் சொல்கிறது. 1653இல் ஐசக் வால்டன் என்பவர் எழுதிய தூண்டில் புத்தகம் பெரும் புகழ் பெற்றது. 1676இல் அவருடைய நண்பர் சார்லஸ் காட்டன் அதில் ஈத்தூண்டிலைப் பற்றி ஒரு பகுதியைச் சேர்த்தார். அந்தக் காலத்திலும் நூலைக் கோல் நுனியிலேயே கட்டித்தான் பெரும்பாலும் பிடித்தார்கள். அப்பன் வீசுவான், பக்கத்தில் நின்று மகன் பார்ப்பான். அவ்வளவுதான் படிப்பு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கருவி மாறியது. அதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அமெரிக்காவில் கோல் செய்தவர்கள், கல்கத்தா மூங்கில் என்று பேர்பெற்ற இந்திய மூங்கிலை வரவழைத்தார்கள். அதை நீளவாக்கில் சீவி, ஆறு பட்டைகளை ஒன்றாக ஒட்டி, அறுகோணக் கோல் செய்தார்கள். பிற்பாடு சீனத்து மூங்கில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. குதிரை முடி போய், எண்ணெய் ஊட்டிய பட்டு நூல் வந்தது. நூலைச் சுற்றி வைக்கும் உருளையும் பரவியது. இப்போது அறுபது அடி, எழுபது அடி தூரத்துக்கு வீசலாம்.

கருவி மாறிவிட்டது. சொல்லிக் கொடுக்கும் முறை மட்டும் மாறவில்லை. முழங்கை விலகாமல் இருக்க அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொள் என்றார்கள். கோலைக் கடிகார முள்ளாக நினைத்து, பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் மட்டும் ஆட்டு என்றார்கள். நார்மன் மக்லீன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1976இல் வெளியான கதையில், பாதிரியாராக இருந்த தம் தகப்பனார், சங்கீதக்காரர்கள் தாளத்துக்கு வைக்கும் கருவியை ஓடவிட்டு, நாலு எண்ணிக்கையில் வீசச் சொல்லிப் பழக்கியதை எழுதியிருக்கிறார். இதெல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் வீச்சு தப்பினால் எங்கே தப்பியது என்று காட்டச் சொல் இல்லை. “பார்த்துக் கத்துக்கோ” என்பதோடு பாடம் முடிந்துவிடும். கை வாகு உள்ளவனுக்கு வந்தது, மற்றவனுக்கு வரவில்லை.

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஒரு பெண்மணி. பெயர் ஜோன் வுல்ப். 1926இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் பிறந்தவர். தகப்பனார் வேட்டை, மீன்பிடிச் சாமான்கள் விற்கும் கடைக்காரர். பத்து வயதில் தகப்பனாரின் கோலை எடுத்து வீசிப் பார்த்தார். கோலின் நுனித்துண்டு கழன்று குளத்தில் விழுந்துவிட்டது. கோபித்திருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். தகப்பனார் கோபிக்காமல் கற்றுக் கொடுத்தார். அந்தப் பெண் 1951இல் ஆண்களோடு சரிக்குச் சரியாகத் தூரப் போட்டியில் நின்று ஜெயித்தார். 1960இல் 161 அடி தூரம் வீசினார்.

இதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்தார். அவர் நடனமும் கற்றுக் கொடுத்தவர். நடன ஆசிரியைக்கு உடம்பின் ஒவ்வோர் அசைவும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும் அல்லவா? அந்தக் கண்ணோடு வீச்சைப் பார்த்தார். கோலில் நூலின் பாரத்தை ஏற்றுகிற அசைவு ஒன்று, பலத்தைக் கொடுத்து வெட்டி நிறுத்துகிற அசைவு ஒன்று என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார். 1979இல் கணவர் லீ வுல்புடன் நியூயார்க் மாநிலத்தில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1987இல் புத்தகமாகவும் எழுதினார். பெயர் வந்ததும் குறையைச் சுட்டிக் காட்ட முடிந்தது. பெண்களும் பட்டணத்துக்காரர்களும் கற்றுக்கொள்ள வழி சுலபமாயிற்று.

சான்பிரான்சிஸ்கோ நகரப் பூங்கா ஒன்றில் 1938இல் வீச்சுப் பழகுவதற்கென்றே தொட்டிகள் கட்டினார்கள். பழகுவதற்கு மீன் தேவையில்லை பாருங்கள். அமெரிக்காவில் 1992 முதல், சொல்லிக் கொடுப்பவர்களுக்கே பரீட்சை வைத்துச் சான்று தரும் ஏற்பாடும் வந்தது. நன்றாக வீசத் தெரிந்தால் மட்டும் போதாது, அடுத்தவர் வீச்சில் உள்ள குறையைக் கண்டு திருத்தவும் தெரிய வேண்டும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், டெல்டாப் பக்கம் ஒரு கிராமத்தில் செம்மை நெல் சாகுபடி பற்றிக் கூட்டம் போட்டேன். பதினான்கு நாள் நாற்று, குத்துக்கு ஒரே நாற்று, 22.5 சென்டிமீட்டர் இடைவெளி, களைக்குக் கோனோவீடர் என்று ஒரு மணி நேரம் பேசினேன். வந்திருந்தவர்கள் எல்லாம் ஆண்கள், நிலச் சொந்தக்காரர்கள். மறுமாதம் போய்ப் பார்த்தால், கோனோவீடர் மாட்டுக் கொட்டகையில் சாய்ந்து கிடக்கிறது!

களை பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “சார், நீங்க சொன்னதெல்லாம் வரப்பு மேல நின்னு சொன்னீங்க. அதைத் தள்ளப்போறது நாங்க. ஒருதரம் இறங்கித் தள்ளிக் காட்டுங்க.” இறங்கினேன். ஒரே தள்ளாகத் தள்ளினேன். மூன்றடியில் சேற்றில் புதைந்து நின்றுவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு முகம் செத்துப் போயிற்று.

அந்த அம்மா அதை வாங்கி ஒரு சாண் தள்ளினார், கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார், மறுபடி தள்ளினார். தண்ணீரும் கொஞ்சம் நிற்கட்டும் என்றார். கருவி ஓட ஆரம்பித்தது. “தள்ளு, இழு, தள்ளு” என்று அவரே அதற்குச் சொல்லும் வைத்தார். சாயங்காலத்துக்குள் இன்னும் நாலு பேருக்கு அந்தச் சொல்லை வைத்தே பழக்கிவிட்டார். கூப்பிட வேண்டியவர்களைக் கூப்பிடாமல் கூட்டம் போட்டது என் தப்பு. கையால் காட்ட வேண்டியதை வாயால் சொன்னது இன்னொரு தப்பு.

உழவர் பெருமக்களே, உங்கள் ஊரிலும் கைப்பதம் உள்ளவர்கள் இருப்பார்கள். விதையைச் சீராக விசிறத் தெரிந்தவர், கவாத்து வெட்டத் தெரிந்தவர், வீச்சு வலையை வட்டமாக விரிக்கத் தெரிந்தவர் என்று எத்தனையோ பேர். அவர்கள் போய்விட்டால் அந்தப் பதமும் கூடவே போய்விடும். அவர்கள் பக்கத்தில் இளவட்டங்களை நிறுத்துங்கள். வேலையை மெதுவாகச் செய்யச் சொல்லி, அசைவு அசைவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் கேட்டு வாங்குங்கள். முதல் நாள் கருவி உடைந்தாலும் கோபிக்காதீர்கள். கற்கிற கூட்டத்தில் பெண்பிள்ளைகளையும் நிறுத்துங்கள். வயல் வேலையில் பாதிக்கு மேல் அவர்கள் கையில்தானே இருக்கிறது?

நானும் இப்போதெல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதலில் சேற்றில் இறங்கிவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறேன்.

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)