தெ ஃப்ரீஸ்: ஒரு குடும்பப் பெயரின் வரலாறு



நெதர்லாந்தில் மிகப் பரவலாக வழங்கும் குடும்பப் பெயர்களுள் ஒன்று 'தெ ஃப்ரீஸ்'. ஃப்ரீசியர் என்பது அதன் பொருள். இடைக்காலத்தில் வடகடலோர ஃப்ரீசியப் பகுதியை விட்டுப் பிழைப்புத் தேடி வெளியூர் வந்தவரை அந்த ஊரார் அழைத்த பெயர் அது. ஃப்ரீசியர்கள் நடுவே ஒருவரை அப்படி அழைத்து அடையாளம் காட்ட முடியாது. ஆக, இது தானாகச் சூடிய பெயரல்ல; வந்து சேர்ந்த ஊர் இட்ட பெயர்.

அப்பெயருக்குப் பின்னே ஒரு பெருமையும் உண்டு. சுற்றிலும் நிலப்பிரபுக்கள் ஆண்ட காலத்தில், ஃப்ரீசியர்கள் 1498 வரை பிரபு எவருக்கும் அடங்காமல் தங்களைத் தாங்களே ஆண்டார்கள். வரலாறு அதை 'ஃப்ரீசியச் சுதந்திரம்' என்கிறது. பின்னர் 1811இல் நெப்போலியனின் ஆணைப்படி குடும்பப் பெயர்ப் பதிவு கட்டாயமானது.

அந்த நெதர்லாந்தின் காலனியான சூரினாமில் 1863 ஜூலை 1 அன்று அடிமைமுறை ஒழிந்தது. அடிமை ஒருவருக்கு 300 கில்டர் வீதம் இழப்பீடு பெற்றவர்கள் உடைமையாளர்கள். விடுதலையானவர்களுக்கோ மேலும் பத்தாண்டு அரசுக் கண்காணிப்பும் ஒரு குடும்பப் பெயரும் கிடைத்தன. நெதர்லாந்தில் வழங்கும் பெயர் கூடாது என்பது விதி. அதனால் 'தெ ஃப்ரீஸ்' முன்பின்னாகி 'ஃப்ரீஸ்தெ' ஆனது. 'ஆம்ஸ்டர்டாம்' எழுத்து புரண்டு 'மாத்ரெட்ஸ்மா' ஆனது.

சுதந்திர மக்களின் பெயரை, சுதந்திரம் பெற்றவர் அப்படியே சூடக்கூடாதாம்! ஒரு பெயரின் பொருளை மட்டும் தேடுவது போதாது. அதை இட்டவர் யார், யாருக்கு மறுத்தார் என்றும் கேட்க வேண்டும். 1995 உலகத் தடகளப் போட்டியில், 800 மீட்டர் ஓட்டத்தில் சூரினாமுக்கு வெள்ளி வென்ற வீராங்கனையின் பெயர், லெட்டீசியா ஃப்ரீஸ்தெ.