அந்த நீல ஷீல்டுக்கு யார் பொறுப்பு?

அக்பர் பாலத்தைக் கடந்து பொறியியல் பீடத்துப் பக்கம் நாங்கள் போறது அபூர்வம். போன தவணை அங்க படிக்கிற நண்பனின் அறையில் ஒரு குட்டி ரோபோ கார் ஓடாமல் கிடந்தது. "லைப்ரரி ஒத்துப்போகுதில்ல" என்றான். கலைப்பீடத்து ஆட்களான எங்களுக்கு லைப்ரரி என்றால் புத்தகம் இருக்கிற கட்டடம். அவன் சொன்னது, மோட்டார் பலகைக்கு ஆர்டுயினோ எப்படிக் கட்டளை கொடுக்க வேணும் என்று யாரோ ஏற்கெனவே எழுதி வைத்த நிரலை. அந்தக் கோப்பைத் திறந்து காட்டினான். வரலாறு படிக்கிற எங்களுக்கு அது ஓர் ஆவணமாகத்தான் தெரிந்தது.

ஆர்டுயினோ கதையை 2005, இத்தாலியின் இவ்ரேயா நகர் என்றுதான் எல்லாரும் தொடங்குவார்கள். அதற்கு முன்பே அதே ஊரில் எர்னாண்டோ பராகன் என்ற கொலம்பிய மாணவர் தன் முதுகலை ஆய்வுக்காக 'வயரிங்' என்ற தளத்தை உருவாக்கியிருந்தார். ஆர்டுயினோ அதன் மேல்தான் எழும்பியது. அவர் பெயர் பலருக்குத் தெரியாது.

நண்பன் வைத்திருந்த நீலப் பலகையின் மூலம் அமெரிக்காவின் அடாஃப்ரூட் நிறுவனம். லிமோர் ஃபிரைட் 2005இல் தொடங்கியது. வடிவமைப்பை அவர்கள் திறந்தே வெளியிட்டதால் யாரும் நகல் செய்யலாம், செய்தார்கள். ஏ.எஃப்.மோட்டார் எனும் அதன் லைப்ரரியின் தலையில் 2009 என்ற ஆண்டும், யாரும் பயன்படுத்தலாம் என்ற அனுமதியும் இருக்கின்றன.

கொஞ்சம் கீழே போனால் ஒரு 'என்றால்-இல்லாவிட்டால்' வரி. 2011 கடைசியில் ஆர்டுயினோ 1.0 வந்தபோது, எல்லா லைப்ரரிகளும் சேர்த்துக்கொள்கிற அடிப்படைக் கோப்பின் பெயரையே மாற்றிவிட்டார்கள். பழைய லைப்ரரிகள் ஒரே நாளில் முடங்கின. புதிய பதிப்பென்றால் இந்தப் பெயர், பழையதென்றால் அந்தப் பெயர் என்று யாரோ இருந்து எழுதியிருக்கிறார். கல்வெட்டில் பிற்காலத்தவர் சேர்த்த வரி மாதிரி. கண்டுபிடித்தவர்களை எழுதுகிற வரலாறு இந்த வரியை எழுதினவரை எழுதுவதில்லை. எங்களுக்கு இதில் கோபம்தான்.

2013இல் அடாஃப்ரூட் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது. சிப் வேறு, லைப்ரரியும் வேறு. பழைய பலகையை விற்பதையும் நிறுத்திவிட்டார்கள். ஆனால் கண்டியில் மாணவர் கையில் இன்றும் இருப்பது அந்த முதல் பதிப்பின் மலிவு நகல்தான். 2022இல் டொலர் இல்லாமல் தவித்த நாட்டில் வேலை செய்கிற பலகையைத் தூக்கி எறிய யாருக்கு மனம் வரும்? தான் விற்காத பொருளுக்கு அந்த நிறுவனம் உழைக்க வேணும் என்று கேட்கவும் முடியாது. நகலில் காசு பார்த்தவர்கள் யாரும் லைப்ரரிக்கு ஒரு வரி எழுதியதாக நாங்கள் அந்தக் கோப்பில் காணவில்லை.

சரி, கார் ஏன் ஓடவில்லை? நண்பனிடம் இருந்தது 2023இல் வந்த ஊனோ ஆர்4. அதன் மூளை பழைய ஏ.வி.ஆர். சிப் இல்லை, ரெனேசாஸின் ஆர்ம் வகை. ஏ.எஃப்.மோட்டாரோ ஏ.வி.ஆரின் உள்ளே கைவிட்டு அதன் டைமர்களை நேரடியாகத் திருப்புகிறது. தெரியாத சிப்பைக் கண்டதும், இதற்கு ஆதரவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. அந்த மறுப்பையும் யாரோ யோசித்துத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பக்கத்து அறையில் ஒரு பழைய ஊனோ கிடைத்தது. மாட்டியதும் கார் கட்டிலுக்கடியில் ஓடிப்போய்ச் செருப்பில் மோதி நின்றது.