புழுங்கலரிசி, பெரிபெரி, ஓர் இளம் ஆய்வாளர்: நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய வரலாறு



போன ஆண்டுக் கடைசியில் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். பண்டார் பாரு பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். எஸ்.பி.எம்.மில் உயிரியல் நன்றாகச் செய்தாள். மருத்துவத்துக்கு இடம் கிடைக்கவில்லை. உயிர்மருத்துவ அறிவியல் எடுத்து, பட்டமும் முடித்துவிட்டாள்.

"டீச்சர், உடலியங்கியல்ல மாஸ்டர்ஸ் பண்ணுன்னு எங்க விரிவுரையாளர் சொல்றாங்க. அப்பா வேலைக்குப் போன்னு சொல்றாரு. நீங்க என்ன சொல்றீங்க?"

நான் யோசிக்காமலே பதில் சொன்னேன்: "பேசாம என்னை மாதிரி டிப்ளோமா பண்ணிட்டு டீச்சராயிடும்மா."

அவள் சிரித்தாள், ஆனால் முகம் வாடிவிட்டது. அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தத் துறை என்ன, அதில் ஒருவர் எப்படி வளர்கிறார், யார் கை கொடுக்கிறார் என்று எதுவுமே தெரியாமல் ஒரு பிள்ளையின் வழியை மாற்றப் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் தேடிப் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். இதே கேள்வியோடு நாளைக்கு உங்கள் வீட்டுக்கும் ஒரு பிள்ளை வரலாம்.

முதலில், அது என்ன துறை?

இதயத்தில் நான்கு அறைகள் உண்டு என்று சொல்வது உடற்கூற்றியல். அந்த இதயம் எப்படித் துடிக்கிறது, படியேறினால் ஏன் வேகமாகத் துடிக்கிறது, சத்துக் குறைந்தால் ஏன் தளர்கிறது என்று கேட்பது உடலியங்கியல். மருத்துவத்துக்கு அடித்தளமே இதுதான். ஆனால் நம் பெற்றோர்களுக்கு டாக்டரைத் தெரியும், டாக்டருக்குப் பாடம் கொடுத்த ஆராய்ச்சியாளரைத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

இந்தத் துறையின் ஒரு முக்கியமான அத்தியாயம் நம் மலாயாவில்தான் எழுதப்பட்டது. அதில் நம் தோட்டத்துச் சோற்றுப் பானைக்கும் பங்கு உண்டு.

பெரிபெரி

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஈயச் சுரங்கம், சிறை, மருத்துவமனை என்று ஆட்கள் கூட்டமாக வாழ்ந்த இடங்களில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கில் உயிர் குடித்தது. கால் மரத்துப் போகும், நடை தள்ளாடும். சிலருக்கு உடம்பு வீங்கி, இதயம் நின்றுவிடும். காரணம் கிருமி என்றார்கள் சிலர், இடத்தின் ஈரம் என்றார்கள் வேறு சிலர்.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய வெள்ளைப் பச்சரிசியை வாங்கிச் சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள் சாகிறார்கள். கம்பத்தில் தாங்களே குத்திய அரிசியைச் சாப்பிடும் மலாய்க்காரர்களுக்கு நோய் அரிது. புழுங்கலரிசி சாப்பிடும் தமிழர்களுக்கும் அரிது. பெரிபெரியின் காரணம் பற்றி 1907இல் அவர் வெளியிட்ட நூலில் இந்த ஒப்பீடு முக்கியமான சான்று.

இங்கே நாம் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும். "பார்த்தீங்களா, நம்ம முன்னோர்கள் அப்பவே கண்டுபிடிச்சிட்டாங்க" என்று வகுப்பில் மார்தட்டினால் அது வரலாறு ஆகாது. நம் பாட்டிமார் வைட்டமினை நினைத்து நெல்லை அவிக்கவில்லை. அவித்த நெல் குத்தும்போது உடைவது குறைவு, அரிசி நாள்பட இருக்கும், சோறு பசி தாங்கும். அதுதான் காரணம். ஆனால் அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்து தண்ணீரோடு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுக்கப் போகாது. அந்தச் சத்துதான் பின்னால் தையமின், அதாவது வைட்டமின் பி1 என்று பெயர் பெற்றது. மாவுச்சத்தை உடம்பு சக்தியாக மாற்றுவதற்கு அது தேவை. அது இல்லாவிட்டால் முதலில் தவிப்பவை நரம்பும் இதயமும்.

பெரிபெரியிலிருந்து தப்பித்தார்கள் என்பதால் தோட்டத்து மக்கள் சுகமாக இருந்தார்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். அதே காலத்தில் மலேரியா அவர்களை வாரிக்கொண்டு போனது.

கோலாலம்பூரில் 18 பேர்

கோலாலம்பூரில் மாவட்ட மருத்துவராக இருந்த வில்லியம் பிளெட்சருக்கு அரிசிக் காரணத்தில் நம்பிக்கை இல்லை. அதனால் சோதித்தே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார். 1905ஆம் ஆண்டு இறுதியில் அங்கிருந்த மனநோய் மருத்துவமனை நோயாளிகளை வரிசையாக நிற்க வைத்து எண்ணினார். ஒற்றைப்படை எண்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை எண்கள் ஒரு பக்கம். ஒரு பக்கத்துக்குப் பச்சரிசி, மறு பக்கத்துக்குப் புழுங்கலரிசி. காரணம் இடமாக இருக்குமோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க, இடையில் இரு பக்கத்தாரின் கட்டடங்களையும் மாற்றினார்.

பச்சரிசிப் பக்கம் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கலரிசிப் பக்கம் ஒருவர்கூட அந்த நோயால் சாகவில்லை. 1907இல் இந்த முடிவு லண்டன் 'லான்செட்' இதழில் வந்தது.

அந்த நோயாளிகளை யாரும் சம்மதம் கேட்கவில்லை. இன்று இப்படி ஓர் ஆய்வை எந்த ஒழுங்குக் குழுவும் அனுமதிக்காது. வகுப்பில் இதைச் சொல்லும்போது 18 என்ற எண்ணைத் தயவுசெய்து வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள்.

அடுத்து, 1900இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும், நெகிரி செம்பிலானில் சாலை போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதையே இன்னும் கவனமாகச் செய்தார்கள். நோய் தலைகாட்டியதும் அரிசியை மாற்றினார்கள். 1909இல் வந்த அவர்களின் அறிக்கை அரிசியைத் தீட்டுவதுதான் கேடு என்பதை உறுதிப்படுத்தியது.

இளையவர் திருத்தினார்

இதற்கு முன்பே ஜாவாவில் ஒரு கதை நடந்தது. டச்சு இராணுவ மருத்துவர் எய்க்மன் நோய்வாய்ப்பட்டு ஊர் திரும்பி, விடுப்புக் காலத்தில் பெர்லினில் கோக்கின் ஆய்வகத்தில் வேலை கற்றார். அங்கே கிடைத்த அறிமுகத்தால் பெரிபெரி ஆய்வுக் குழுவோடு மறுபடி ஜாவாவுக்கு வந்தார். முப்பது வயதுக்குள் ஆய்வகத்தின் தலைவராகவும் ஆகிவிட்டார். மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் தள்ளாடியதையும், தீட்டாத அரிசிக்கு மாறியதும் தேறியதையும் கண்டவர் அவர்தான். ஆனால் சோற்றில் ஏதோ நஞ்சு இருப்பதாக நினைத்தார். அவருக்குப் பின் அந்த வேலையைத் தொடர்ந்த கிரைன்ஸ் என்ற இளையவர்தான் 1901இல், "நஞ்சு இல்லை, தேவையான ஏதோ ஒன்று குறைகிறது" என்று திருத்தினார். எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. கிரைன்ஸுக்கு அதில் பங்கு இல்லை.

பினாங்குப் பிள்ளை

இப்போது நம் பக்கத்து ஊருக்கு வருவோம். வூ லியென் தே 1879இல் பினாங்கில் பிறந்தவர். 1896இல் மகாராணி உபகாரச் சம்பளம் பெற்று கேம்பிரிட்ஜ் போனார். அங்கே மருத்துவம் முடித்து, லிவர்பூல், ஜெர்மனியின் ஹாலே, பாரிஸின் பாஸ்டர் கழகம் என்று ஆய்வுப் பயிற்சி பெற்றார். 1903இல் திரும்பி வந்து, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஓராண்டு ஆய்வு செய்தார். அவர் எடுத்துக்கொண்ட நோய் எது தெரியுமா? அதே பெரிபெரிதான்.

அந்த ஓராண்டு முடிந்தது, அப்புறம்? அரசாங்க மருத்துவத்தில் மேல் பதவிகள் பிரிட்டிஷ்காரர்களுக்கு மட்டும். இவ்வளவு படித்தவர் பினாங்கில் தனியாக மருத்துவமனை வைத்தார். பின்னர் சீனாவிலிருந்து அழைப்பு வர, கிளம்பிவிட்டார். 1910 இறுதியில் மஞ்சூரியாவில் கொள்ளைநோய் பரவியபோது, அது மூச்சுக்காற்றால் தொற்றுகிறது என்று கண்டு, துணி முகக்கவசம் போட வைத்து அடக்கியவர் அவர்தான். 1935இல் நோபல் பரிசுக்கும் அவர் பெயர் முன்மொழியப்பட்டது. அந்தத் திறமை மலாயாவுக்கு வேண்டாம் என்று ஆகிவிட்டது.

ஓர் ஆறு, மூன்று ஆட்சி

நம் கிரியான் ஆற்றங்கரையில் நின்று இதை யோசித்துப் பாருங்கள். 1896இல் நிபோங் தெபால் நீரிணைக் குடியேற்றங்களைச் சேர்ந்தது. எதிர்க்கரைப் பாரிட் புந்தார் பேராக், அதாவது இணைந்த மலாய் மாநிலங்கள். பண்டார் பாரு இருக்கும் கெடா சயாமின் கீழ். 1909 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் கெடா பிரிட்டிஷார் கைக்கு வந்தது. மகாராணி உபகாரச் சம்பளம் நீரிணைக் குடியேற்றத்துப் பிள்ளைகளுக்கு உரியது. ஆக, நம் கரையில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் கதவே இல்லை.

நிபோங் தெபால் கரையில் பிறந்த தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் என்ன, ஆங்கிலப் பள்ளிக்கே வழி இல்லை. 7 முதல் 14 வயதுக்குள் 10 பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்ற விதியே இணைந்த மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில் இருந்தது. அதுவும் தொடக்கக் கல்விதான். அதனால்தான் பெரிபெரி வரலாற்றில் தமிழர்கள் சான்றாக இருக்கிறார்கள், ஆராய்ச்சியாளராக இல்லை. அறிவு இல்லாததால் அல்ல, கதவு இல்லாததால்.

நான்கு தேவைகள்

இந்தக் கதைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் இளம் ஆய்வாளருக்கு நான்கு விஷயங்கள் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1. சம்பளத்தோடு படிக்க நேரம். எய்க்மனுக்கு விடுப்பு, வூவுக்கு உபகாரச் சம்பளம்.
2. வழிகாட்டும் மூத்தவர், வேலை கற்க ஓர் ஆய்வகம்.
3. கண்டதைச் சொல்ல ஓர் இடம். பிளெட்சருக்கு லான்செட், பிரேசருக்கும் ஸ்டாண்டனுக்கும் கழகத்தின் வெளியீடு.
4. பயிற்சி முடிந்து வந்தால் ஒரு பதவி. வூவுக்கு மலாயாவில் கிடைக்காதது இதுதான்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. நம் பல்கலைக்கழகங்களில் விரிவுரையாளரின் ஆய்வு மானியத்திலிருந்து முதுகலை மாணவரை ஆய்வு உதவியாளராக வைத்து மாதப்படி தருகிறார்கள். மலேசியாவில் மருந்தியல், உடலியங்கியல் சங்கம் ஒன்று உண்டு. அதன் கூட்டங்களில் மாணவர்களும் கட்டுரை படிக்கலாம். 1876இல் தொடங்கிய பிரிட்டனின் உடலியங்கியல் சங்கமும், 1887இல் தொடங்கிய அமெரிக்கச் சங்கமும் மாணவர்களை உறுப்பினராகச் சேர்க்கின்றன. மாநாட்டுக்குப் போக இளம் ஆய்வாளர்களுக்குப் பயண உதவியும் தருகின்றன. கெடாவிலேயே 2001இல் தொடங்கிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பினாங்கில் 1969 முதல் அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது.

ஆனால் நான்காவது தேவை இன்றும் சுலபம் இல்லை. ஆய்வுப் படிப்பு முடித்த எல்லாருக்கும் விரிவுரையாளர் வேலை காத்திருக்காது. அதையும் மறைக்காமல் பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும்.

வகுப்பில் பயன்படுத்த

படிவம் 4, 5 மாணவர்களுக்கு இதைக் கருத்துணர்தல் பகுதியாகக் கொடுக்கலாம். "பிளெட்சர் செய்தது சரியா?" என்று ஒரு விவாதம் வைக்கலாம். வீட்டில் பாட்டியிடம் நெல் அவித்த கதையைக் கேட்டு எழுதி வரச் சொல்லலாம். நான் செய்து பார்த்தேன், பேசாத பிள்ளைகூடப் பேசியது.

அந்த மாணவியிடம் என்ன சொன்னேன்? மறுபடி கூப்பிட்டு, முதலில் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் அந்த நான்கு தேவைகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். "உங்க விரிவுரையாளர்கிட்ட இந்த நாலையும் ஒவ்வொண்ணா கேளும்மா. மாதப்படி எவ்வளவு, எத்தனை மாசம், யார் வழிகாட்டுறாங்க, முடிச்சவங்க இப்ப எங்க வேலை செய்யிறாங்க? பதிலை அப்பாகிட்ட காட்டு. அதுக்கப்புறம் முடிவு பண்ணலாம்" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து அவள் அப்பாவே பேசினார். "டீச்சர், மாசா மாசம் காசு குடுப்பாங்களாமே, அது எனக்குத் தெரியாதே. ரெண்டு வருஷந்தானே, படிக்கட்டும்."

எனக்கும்தான் தெரியாமல் இருந்தது என்று அவரிடம் சொன்னேன். உங்களிடமும் அதைத்தான் சொல்கிறேன். அடுத்த பிள்ளை கேட்கும்போது, பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் விசாரித்துவிட்டுச் சொல்வோம்.