துத்தநாகம் கழற்றிய காரநீர்

உருகிய துத்தநாகத்தில் இரும்பைத் தோய்த்தெடுக்கும் வித்தைக்குப் பிரெஞ்சுப் பொறியாளர் ஸ்தனிஸ்லாஸ் சோரெல் 1837ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற நாள்முதல், பூச்சேறிய வாளியும் கூரைத் தகடும் வேலிக் கம்பியும் மழைக்கு அஞ்சாத பொருள்களாக உலகெங்கும் பரவின. அரிப்பைத் தானே முதலில் ஏற்று உள்ளிருக்கும் இரும்பைக் காப்பது துத்தநாகத்தின் சுபாவம். அந்த இரும்பே பழசாகி உலைக்குத் திரும்பும் வேளையில், அதே பூச்சு பெரும் உபத்திரவமாகிவிடும்.

எஃகு உருகுவதற்கு ஏறத்தாழ 1,500 பாகை வெப்பம் வேண்டும்; துத்தநாகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிறது. அந்த ஆவி காற்றுப் பட்டதும் பஞ்சுபோல் வெளுத்த புகையாய் எழும். பழைய ரசவாதிகள் அதற்குத் தத்துவஞானியின் கம்பளி என்று பெயரிட்டிருந்தார்கள். அதனைச் சுவாசித்த தொழிலாளிக்கு வேலை நேரத்தில் ஒன்றும் தெரியாமலே போகலாம். வீடு திரும்பிய இரவிலே குளிரும் நடுக்கமும் கண்டு, வாயில் உலோகச் சுவை கசந்து, ஓரிரு நாளில் அந்த ஜுரம் தணியும். உலையின் புகைவழியில் படிந்த தூசியையும் எளிதில் கொட்டிவிட இயலாது. ஈயமும் காட்மியமும் கலந்த அத்தூசியை அமெரிக்க அரசாங்கம் 1980இல் அபாயகரமான கழிவுகளின் பட்டியலில் சேர்த்தது. மோட்டார் வண்டிகளின் உடலுக்கும் பூச்சுத் தகடு மிகுதியாகப் பிரயோகமாகத் தொடங்கிய காலம் அது.

உருக்குமுன் பூச்சைக் கழற்றும் யோசனை புதியதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்தில் கோல்ட்ஷ்மிட் நிறுவனத்தார், டப்பாத் தகடுகளிலிருந்து வெள்ளீயத்தைக் காரநீரில் மின்சாரம் பாய்ச்சிப் பிரித்து விற்றார்கள். விலையுயர்ந்த வெள்ளீயத்துக்குக் கிடைத்த அந்தக் கவனம் மலிவான துத்தநாகத்துக்கு நெடுநாள் கிடைக்காமற் போனதற்கு அதன் விலையே பெருங்காரணம் என்பது என் துணிபு. தொழிலாளியின் நடுக்கத்தையும் அந்த விலையோடு சேர்த்து எண்ணியிருந்தால் இத்தனை காலம் காத்திருக்க நேர்ந்திராது.

1990களில் சிக்காகோவை அடுத்துள்ள ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தின் ஒத்துழைப்போடு, இந்தியானா மாநிலத்துக் கிழக்குச் சிக்காகோவில் துத்தநாகப் பூச்சைக் கழற்றும் ஒரு முன்னோடி ஆலை நடந்தது. அமிலம் இரண்டு உலோகங்களையும் தின்னும். சூடான காஸ்டிக் சோடாவோ துத்தநாகத்தை மட்டும் கரைத்து, இரும்பைத் தொடாமல் விடும். தொட்டியில் அமிழ்ந்த தகட்டுத் துணுக்குகளின்மேல் ஹைட்ரஜன் குமிழிகள் நுரைத்தெழுந்து, பூச்சு தீரத் தீர மெல்ல அடங்கும். பின்னர் அவற்றைத் தூக்கி நீரில் அலசினால் வெற்றிரும்பு கையில் வரும். எஞ்சிய காரநீரில் மின்சாரம் பாய்ச்சினால், எதிர்மின் தகட்டில் துத்தநாகம் சாம்பல்நிறப் பொடியாய்ப் படியும்.