மேகம் என்கிற வெற்றிடம்

எங்கள் பத்திரிகையின் பழைய இதழ்களையெல்லாம் ஓர் இளம் நண்பர் ஸ்கேன் செய்துவிட்டு, "கிளவுட்ல போட்டாச்சு தோழர், இனிமே கரையான் பயமில்ல" என்றார். எங்கே போட்டீர்கள், காட்டுங்கள் என்றேன். சிரித்தார். "இடம்னு சொல்ல முடியாது. வேணும்னா மேப் காட்டறேன்."

திரையில் விரிந்தது நான்கு பத்திகள். இடது ஓரத்தில் ஒரு பெட்டி. அமேசான் தன் வாடிக்கையாளருக்கு வேலி போட்டுத் தருகிற தனி வலையமைப்பு அது; விபிசி என்கிறார்கள். அதையடுத்து சப்நெட்கள், பிறகு ரூட் டேபிள்கள், வலது ஓரத்தில் வெளியுலகுக்கான வாசல்: இன்டர்நெட் கேட்வே. ஒரு பெட்டியின் மேல் அம்புக்குறியை வைத்தால் அதோடு தொடர்புள்ள கோடுகள் மட்டும் துலங்குகின்றன. 2023இல் அந்த நிறுவனம் கொண்டுவந்த வசதி. மலை, ஆறு, திசை, அளவுகோல் எதுவும் இல்லாத வரைபடம்.

எந்த சப்நெட் பொது, எது தனி என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். ரூட் டேபிளில் வாசலை நோக்கி ஒரு வரி இருந்தால் பொது, இல்லையென்றால் தனி. அவ்வளவுதான். ஊரையும் சேரியையும் நினைத்துக்கொண்டு மனம் உடனே ஒப்புமைக்கு ஓடுகிறது. ஓடவிடக் கூடாது. இங்கே ஒரு வரியை எழுதினால் நிலை மாறிவிடுகிறது, அங்கே எத்தனை வரி எழுதியும் மாறவில்லை.

"சரி, நம்ம இதழ்கள் இதுல எங்க?"

"அது இதுல வராதுங்க. இது தேடிப் படிக்கிறதுக்கான சர்வர் இருக்கிற இடம். ஃபைல்கள் வேற சேவைல கிடக்கு."

ஆக, எதைப் பார்க்க உட்கார்ந்தேனோ அது வரைபடத்தில் இல்லை. இந்த இல்லாமைதான் என்னை வரலாற்றின் பக்கம் திருப்பியது.

மேகம் ஒரு சரக்காவதற்கு முன்பு ஒரு கோட்டுச் சித்திரமாக இருந்தது. எழுபதுகளிலிருந்து வலையமைப்புப் பொறியாளர்கள் தங்கள் படங்களில், உள்ளே என்ன நடக்கிறது என்று பயனாளர் அறியத் தேவையில்லாத பகுதியை மேக வடிவத்தால் குறித்து வந்தார்கள். இந்தப் பக்கம் போட்டால் அந்தப் பக்கம் வரும். நடுவில் என்ன என்று கேட்காதே. அறியாமையை ஒரு குறியீடாகவே வரைந்துவிட்ட அபூர்வமான சந்தர்ப்பம். 2006 ஆகஸ்டில் அமேசான் தன் வாடகைக் கணினிச் சேவையின் பெயரிலேயே 'கிளவுட்' என்பதைச் சேர்த்தபோது, படத்தில் வெற்றிடமாக விடப்பட்டிருந்த இடம் விலைக்கு வந்தது.

அதற்கு முந்தைய வரைபடங்கள் இவ்வளவு கூச்சப்படவில்லை. 1969 டிசம்பரில் ஆர்ப்பாநெட் என்பது நான்கே முனைகள்: லாஸ் ஏஞ்சலிஸ், ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனம், சான்டா பார்பரா, யூட்டா. பின்னாளில் அதற்கு இரண்டு விதமாகப் படம் போட்டார்கள். ஒன்று அமெரிக்க நிலவரையின் மேல். மற்றது நிலத்தை உதறிவிட்டு இணைப்புகளை மட்டும் காட்டும் தர்க்கப்படம். 1977ஆம் வருடத் தர்க்கப்படத்தில் எந்த முனையில் எந்த இயந்திரம் என்பதுவரை எழுதியிருக்கிறது. கூடவே, இதன் துல்லியத்துக்கு உத்தரவாதம் ஏதுமில்லை என்று ஒரு குறிப்பும். ராணுவப் பணத்தில் வளர்ந்த வலையின் படம் இந்த ஒப்புதலைச் செய்கிறது. இன்றைய திரையோ எதையும் ஒப்புக்கொள்வதில்லை. வர்ஜீனியா போன்ற பழைய பிராந்தியங்களில், ஒருவர் கணக்கில் 'ஏ' என்று காட்டப்பட்ட மண்டலம் இன்னொருவர் கணக்கில் வேறு கட்டடங்களாக இருக்கக்கூடும் என்பது பல ஆண்டுகள் அமேசானின் நடைமுறை. எல்லோரும் 'ஏ'யிலேயே போய்க் குவியாமல் இருப்பதற்காக இப்படி. காரணம் நியாயமானது. ஆனால் ஆளுக்கு ஆள் இடம் மாறும் பெயரைக் கொண்ட வரைபடம் என்றால் என்ன பொருள்?

இன்னும் பின்னால் போனால் நம் கடற்கரைக்கே வந்து சேர்கிறோம். 1870-71இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாக சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி இறக்கினார்கள். 2002இல் ஒளியிழைக் கம்பியும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் போடப்பட்டது. 'மேகம்' இன்றும் கடலுக்கடியில்தான் பயணம் செய்கிறது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா அருகே கம்பிகள் அறுந்தபோது இந்தியாவில் இணையம் தடுமாறியது.

அந்தத் தந்தி வரைபடங்களைப் பாருங்கள். பிரிட்டிஷ் மண்ணை மட்டுமே தொட்டு உலகைச் சுற்றும் 'முழுச் சிவப்புப் பாதை' 1902இல் முடிந்தது. சிவப்பு, சாம்ராஜ்யத்தின் நிறம். அந்தக் கோட்டில் வெட்கம் இல்லை. அதிகாரம் தன்னைக் காட்டிக்கொண்டது. 1914 ஆகஸ்ட் 5 அன்று, போர் தொடங்கிய கையோடு, பிரிட்டிஷ் கப்பல் ஜெர்மனியின் கடலடிக் கம்பிகளை அறுத்தது. பிறர் கம்பி வழியே போக நேர்ந்த ஜிம்மர்மன் தந்தி 1917இல் பிரிட்டிஷாரிடம் அகப்பட்டதும் இதன் தொடர்ச்சிதான். ஆனால் அந்தப் படத்திலும் ஒரு மௌனம் உண்டு. கம்பியின் மேலுறை கட்டாபெர்ச்சா. மலாயா, போர்னியோ காட்டு மரங்களை வெட்டிச் சாய்த்து எடுத்த பால். காடும், மரம் வெட்டியவர்களும் சிவப்புக் கோட்டில் இல்லை.

1989இல் ஜே. பி. ஹார்லி 'வரைபடத்தைக் கட்டுடைத்தல்' எழுதியபோது, வரைபடத்தை ஒரு பிரதியாக, அதன் மௌனங்களோடு சேர்த்து வாசிக்கச் சொன்னார். அவர் மனதில் இருந்தவை மன்னர்களின், நில அளவையாளர்களின் படங்கள். இன்றைக்கு அந்த மௌனம் வியாபார ரகசியம் என்ற சட்டப் பெயரோடு வருகிறது. அமெரிக்காவின் ஓரகன் மாநிலத்தில் கொலம்பியா நதிக்கரையில் டாலஸ் என்கிற சிறு நகரம். அங்குள்ள கூகுள் தரவு மையம் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று ஒரு பத்திரிகை கேட்டது. தரமாட்டோம் என்று நகராட்சியே 2021இல் அந்தப் பத்திரிகையின் மேல் வழக்குப் போட்டது! 2022 டிசம்பரில் பின்வாங்கியபோது தெரியவந்தது: நகரத்துத் தண்ணீரில் கால்பங்குக்கும் மேல். எந்த வாடிக்கையாளர் திரையிலும் அந்த ஆற்றுக்கு ஒரு பெட்டி கிடையாது.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப எடுத்துடலாமாங்க?" என்றார். வேண்டாம் என்றேன். மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து யார் யாரோ அந்த இதழ்களைத் திறந்து படிக்கிறார்கள். பரணில் இருந்த இருபது வருஷத்தில் இரண்டு பேர் கேட்டு வந்திருப்பார்கள். மாதா மாதம் வாடகை எவ்வளவு, கட்டத் தவறினால் எத்தனை நாளில் அழிப்பார்கள் என்று கேட்டேன். வாடகையைச் சொன்னார். மற்றதற்கு ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அது நீளமாக இருந்தது, பாதியில் நிறுத்திவிட்டோம்.

தாள் கட்டுகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போடவில்லை. ரசகற்பூர உருண்டை வாங்கி வரணும்.