குழந்தை ஆதரவு மானியம் (தென்னாப்பிரிக்கா)

தென்னாப்பிரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பங்களின் குழந்தைகளுக்கென அரசு மாதந்தோறும் வழங்கும் உதவித்தொகை குழந்தை ஆதரவு மானியம் எனப்படும். இனஒதுக்கல் காலத்தில் கறுப்பினத்தவருள் மிகச் சிலரையே எட்டிய பழைய பராமரிப்பு மானியத்துக்கு மாற்றாக, பிரான்சி லுண்ட் தலைமையிலான குழுவின் பரிந்துரையையொட்டி 1998 ஏப்ரலில் இது தொடங்கப்பட்டது. பெற்றோருக்கே என்றில்லாமல், குழந்தையை அன்றாடம் வளர்ப்பவர் பாட்டியாயினும் அயலாராயினும் அவருக்கே தொகை சேரும் என்பது இதன் தனிச்சிறப்பு. தந்தையர் சுரங்கங்களுக்கும் தாயர் நகரத்து வீட்டுவேலைக்கும் சென்றுவிட, பிள்ளைகள் பலர் ஊரில் மூத்தோரிடம் வளர்ந்த நாட்டுக்கு இவ்விதி மிகப் பொருத்தமானது.

தொடக்கத்தில் 7 வயது நிறையாதோருக்கு 100 ராண்ட் மட்டுமே கிடைத்தது. 2003 முதல் வயது வரம்பு படிப்படியாக உயர்ந்து 2012இல் 18ஐ எட்டியது. வருமான வரம்போ, அதாவது தகுதிக்குரிய உச்ச வருவாய், விலைவாசி ஏறியும் பத்தாண்டுகள் அசையாமல் நின்றதால், ஏழைகள் பலர் ஏட்டளவில் ஏழையல்லாதவராயினர். 2008இல் அது மானியத் தொகையின் பத்து மடங்கு என்றும், மணமானவர்க்கு அதைப்போல் இரு மடங்கு என்றும் வரையறுக்கப்பட்டதால், தொகை உயரும்போதெல்லாம் தகுதியும் தானே விரிகிறது. இதற்கிடையே 2004இல் அரசியலமைப்பு நீதிமன்றம், கோசா வழக்கில், நிரந்தர வதிவிட உரிமை பெற்ற அயல்நாட்டவருக்கும் சமூக உதவி உரியதெனத் தீர்ப்பளித்தது.

இன்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் பயன்பெறுகின்றனர். எனினும் உயிர்வாழ்வுக்கு வேண்டிய உணவின் விலையென அரசே கணக்கிடும் உணவு வறுமைக்கோட்டுக்குக் கீழேயே மானியத் தொகை உள்ளது.