கொர்வே

பிரெஞ்சு வழியில் படித்த நாட்களில் 'கொர்வே' என்ற சொல் எங்கள் சரித்திரப் பாடத்தில் அடிக்கடி வரும். பிரபுவுக்குக் குடியானவன் கூலியில்லாமல் செய்து தீர வேண்டிய வேலை அது. நம் சோழர் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி' ஏறக்குறைய அதேதான். செக் மொழியில் அதற்கு 'ரோபோட்டா' என்று பெயர். காரெல் சாபெக் 1920இல் எழுதிய நாடகத்துக்காக, அவருடைய அண்ணன் யோசெப் அதிலிருந்து 'ரோபோ' என்ற சொல்லை எடுத்துக் கொடுத்தார்.

சுஜாதாவின் ஜீனோவை ரசித்த தலைமுறை நாம். ஆனால் நிஜ ரோபோவுக்குக் கண்ணும் இரக்கமும் தானாக வந்துவிடாது. 1979 ஜனவரி 25 அன்று அமெரிக்காவில் ஃபோர்டு தொழிற்சாலை ஒன்றில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற தொழிலாளியை இயந்திரக் கை அடித்துக் கொன்றது. உடன் வேலை செய்தவர்கள் பார்க்கும் வரை அது தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. அருகில் மனிதன் இருக்கிறான் என்பது அதற்குத் தெரியவே தெரியாது. திரையில் பேசும் கணினி தப்பு செய்தால் அழித்துவிடலாம். கையுள்ள இயந்திரத்தின் தப்பை அழிக்க முடியுமா?

நான் எழுத்தராக இருந்தபோது ஒரு கோப்பு வந்தது. பாதாளச் சாக்கடையில் இறங்கிய இருவர் விஷவாயு தாக்கி இறந்திருந்தார்கள். 'எதிர்பாராத விபத்து' என்று குறிப்பு எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அடிப்பது மட்டும் என் கையெழுத்தல்ல, வாசகமும் என்னுடையதுதான். அதில் எதிர்பாராதது எதுவுமில்லை என்று எழுதும்போதே எனக்குத் தெரியும்.

2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. 2015இல் கோழிக்கோட்டில் சாக்கடைக் குழியில் இருவர் விழ, காப்பாற்றப் போன ஆட்டோ ஓட்டுநரும் மாண்டார். அதைக் கண்டு மனம் நொந்த கேரளத்துப் பொறியியல் இளைஞர்கள் செய்ததுதான் 'பாண்டிகூட்', அதாவது பெருச்சாளி. நிலைச்சட்டம் மேலே நிற்கும். கையுள்ள ரோபோப் பகுதி குழிக்குள் இறங்கும். கேமரா உண்டு, விஷவாயுவை மோப்பம் பிடிக்கும் உணரி உண்டு. இயக்குபவர் வெளியே நின்று திரையைப் பார்த்து வேலை வாங்குவார். முழுக்கத் தன் புத்தியில் ஓட விடவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது.

சென்னை ஐ.ஐ.டி.யின் பிரபு ராஜகோபால் குழு செய்த 'ஹோமோசெப்' கழிவுத்தொட்டிக்கானது. சுழலும் கத்தி, இறுகிய கசடைக் கலக்கிக் கூழாக்கும். பிறகு உறிஞ்சி எடுக்கும். 2022இல் முதல் இரண்டு இயந்திரங்கள், இந்த வேலையில் கணவனை இழந்த பெண்கள் தலைமை தாங்கும் சுயஉதவிக் குழுக்களுக்குப் போயின.

இதெல்லாம் நம் சித்தேரிக்கு எப்போது ஏறி வரும்? இங்கே தொட்டி நிரம்பினால் அரூரிலிருந்து வண்டி வந்தாக வேண்டும். போன மாதம் எங்கள் தொட்டி நிரம்பியது. வண்டி வர நாலு நாளாகும் என்றார்கள். "ஒரு பையன் இருக்கான் சார், குவார்ட்டருக்குக் காசு குடுத்தா இறங்கிடுவான்" என்றார் ஒருவர். வேண்டாம் என்றேன். நாலு நாளும் பக்கத்து வீட்டுக் கழிப்பறையைத்தான் பயன்படுத்தினோம்.